ஹைட்ரஜன் பஸ் அம்பூரி மலை ஏறுமா?

அம்பூரி:

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையோரத்தில் இருக்கிறது அம்பூரி. ஒருபுறம் நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம். மறுபுறம் ரப்பர் தோட்டங்கள். எல்லையைத் தாண்டினால் ஆறுகாணி, பத்துகாணி என்று குமரி மாவட்டத்துக் கிராமங்கள். பால் வெட்டப் போகிறவருக்கும், ஆபீசுக்குப் போகிறவருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கும் இங்கே டிரான்ஸ்போர்ட் பஸ்தான் துணை. டீசல் விலை ஏறினால் கட்டணம் ஏறும். கட்டணத்தை ஏற்றாவிட்டால் நடைகள் குறையும். இரண்டில் எது நடந்தாலும் அடி விழுவது பயணியின் மேல்தான்.

ஆகவே, "டீசலே வேண்டாம், தண்ணீரிலிருந்து எடுக்கும் வாயுவைக் கொண்டு பஸ் ஓட்டலாம், புகைக்குப் பதில் நீராவிதான் வெளியே வரும்" என்று கேள்விப்படும்போது இந்த வட்டாரத்து மக்களுக்கு ஆவல் பிறப்பதில் வியப்பில்லை. இது வெறும் பேச்சும் அல்ல. மத்திய அரசு 2023 ஜனவரியில் ரூ.19,744 கோடியில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் 2025 மார்ச்சில் 37 பஸ், லாரிகளையும் 9 எரிவாயு நிரப்பு நிலையங்களையும் கொண்ட ஐந்து சோதனைத் திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து வழித்தடங்களில் திருவனந்தபுரம் - கொச்சி சாலையும் ஒன்று. 18 முதல் 24 மாதங்களுக்குள் இவை இயங்கத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

திருவனந்தபுரத்துக்கு வருகிற வண்டி அம்பூரிக்கும் வருமா? வந்தால் டிக்கெட் விலை குறையுமா, கூடுமா? விஞ்ஞானத்தையும் வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

மலைக்கு அப்பால் ஓடிய பஸ்

அம்பூரியிலிருந்து பார்த்தால் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது மகேந்திரகிரி. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ராக்கெட் என்ஜின்களைக் கட்டி வைத்து எரியவிட்டுச் சோதிக்கும் இடம் அது. கிரையோஜெனிக் என்ஜினுக்குத் தேவையான திரவ ஹைட்ரஜனை அங்கே பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில்தான் இந்த வாயு திரவமாக நிற்கும். அதை அடைத்து வைக்கவும், ஒழுகாமல் பார்க்கவும், தீப்பிடிக்காமல் காக்கவும் தெரிந்தவர்கள் நம் நாட்டில் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. இந்த மலைக்கு அப்பாலேயே இருக்கிறார்கள்.

அந்த அனுபவத்தைச் சாலைக்குக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. விண்வெளி நிறுவனமும் டாடா மோட்டார்ஸ் கம்பெனியும் 2006-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு பஸ்ஸை உருவாக்கின. கூரையின் மேல் ஹைட்ரஜன் சிலிண்டர்கள் அடுக்கிய அந்த பஸ் 2013 ஜூலையில் மகேந்திரகிரியில் ஓட்டிக் காட்டப்பட்டது. பஸ் ஓடியது, புகை இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் அந்த ஓட்டத்தைத் தொடர்ந்து நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ ஹைட்ரஜன் பஸ் எதுவும் வரவில்லை. ஒரு வண்டியை ஓட வைப்பது வேறு. தினமும் காலை ஐந்து மணிக்கு டெப்போவிலிருந்து கிளம்ப வைப்பது வேறு.

தண்ணீரில் ஓடும் வண்டி அல்ல

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிட வேண்டும். ஹைட்ரஜன் வண்டி தண்ணீரில் ஓடுகிற வண்டி அல்ல. 1996-இல் தமிழ்நாட்டையே கலக்கிய மூலிகைப் பெட்ரோல் விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீரில் பச்சிலையைப் போட்டால் பெட்ரோல் வரும் என்று நம்பியவர்கள் ஏராளம். விஞ்ஞானிகளின் சோதனையில் அது நிற்கவில்லை. அந்த ரகத்தில் ஹைட்ரஜனைச் சேர்க்கக் கூடாது. இது மெய்யான எரிபொருள். ஆனால் நிலக்கரியைப் போலவோ கச்சா எண்ணெயைப் போலவோ பூமியைத் தோண்டியதும் கைக்குக் கிடைப்பதும் அல்ல.

தண்ணீரில் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் இறுகப் பிணைந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க மின்சாரம் செலுத்த வேண்டும். பிரித்த ஹைட்ரஜனைத் தொட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டிக்குள் எரிபொருள் மின்கலம் என்ற பெட்டி இருக்கிறது. அதில் ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மீண்டும் சேர்ந்து தண்ணீராகிறது. சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. இந்தத் தத்துவத்தை 1839-ஆம் ஆண்டு வாக்கிலேயே வில்லியம் குரோவ் என்ற விஞ்ஞானி செய்து காட்டிவிட்டார். சந்திரனுக்குப் போன அப்போலோ விண்கலங்களில் மின்சாரம் தந்ததும் இந்த மின்கலம்தான். ஹைட்ரஜனை என்ஜினுக்குள்ளேயே நேராக எரித்து ஓட்டுகிற லாரிகளும் உண்டு. மேற்சொன்ன 37 வண்டிகளில் 22 அந்த வகையைச் சேர்ந்தவை.

எப்படிப் பார்த்தாலும் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் மின்சாரத்தைச் சேமித்து எடுத்துச் செல்லும் ஒரு பாத்திரம்தான். மின்சாரத்தை ஊற்றினால்தான் மின்சாரத்தை எடுக்கலாம். ஊற்றியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே கேள்வி.

ஊற்றுவது 55, எடுப்பது 16

ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஒன்பது கிலோ சுத்தமான தண்ணீரும் வேண்டும். அந்த ஒரு கிலோவில் அடங்கியிருக்கும் சக்தி 33 யூனிட். வண்டியிலுள்ள மின்கலம் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, 55 யூனிட் போட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 16 யூனிட்டுக்குச் சற்று மேல். அதே 55 யூனிட்டை நேராக பாட்டரியில் ஏற்றினால் 40 யூனிட்டுக்கு மேல் மோட்டாரைச் சென்று சேரும்.

இதையே ஒரு பஸ்ஸின் ஒருநாள் கணக்காகப் பார்க்கலாம். மலையோரத்தில் ஓடும் பஸ் ஒன்று நாளொன்றுக்கு 200 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

டீசல் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 50 லிட்டர் வேண்டும். லிட்டர் ரூ.95 வீதம் ரூ.4,750 ஆகிறது.

ஹைட்ரஜன் பஸ்ஸுக்கு 100 கி.மீ.க்கு சுமார் 8 கிலோ வீதம் 16 கிலோ வேண்டும். பானிபட் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பசுமை ஹைட்ரஜன் வழங்க 2025-இல் முடிவான விலை கிலோ ரூ.397. அந்த விலையில் 16 கிலோவுக்கு ரூ.6,350 ஆகிறது. இது ஆலை வாசலில் உள்ள விலை. அழுத்தி அடைக்கும் செலவு, லாரி வாடகை, நிரப்பு நிலையத்தின் செலவு எல்லாம் இனிமேல்தான் சேர வேண்டும்.

பாட்டரி பஸ்ஸுக்கு 300 யூனிட் போதும். யூனிட் ரூ.7 என்றாலும் ரூ.2,100-தான்.

16 கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க மட்டும் 880 யூனிட் தேவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு ஹைட்ரஜன் பஸ்ஸுக்குச் செலவாகும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட மூன்று பாட்டரி பஸ்களை ஓட்டிவிடலாம். மின்தடையும் கட்டண உயர்வும் பழகிப்போன நம் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

சுமைகூலி முக்கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி ஹைட்ரஜனுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. உலகிலேயே மிக இலேசான வாயு இது. ஒரு கிலோவைச் சாதாரணமாக விட்டுவைத்தால் 11 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறிய அறையில் பாதி அளவு. அதை வண்டியில் ஏற்ற வேண்டுமானால் நசுக்கி அடைக்க வேண்டும். பஸ்களில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 350 மடங்கு; கார்களில் 700 மடங்கு. நம் வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டருக்குள் இருப்பது பத்து மடங்கு கூட இல்லை என்பதோடு ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் தொட்டிகளைக் கரியிழை கொண்டு பின்னிச் செய்கிறார்கள். நிரப்பிய தொட்டியின் எடை நூறு கிலோ என்றால் அதில் ஹைட்ரஜன் ஐந்தாறு கிலோதான், மற்றதெல்லாம் தொட்டி.

இரும்புக் குழாய்களில் அடைத்து ஹைட்ரஜனை ஏற்றிவரும் பெரிய லாரி ஒன்று ஒரு நடைக்குச் சுமார் 300 கிலோதான் கொண்டுவர முடியும். நம் கணக்குப்படி அது பதினெட்டு பஸ்களுக்கு ஒருநாள் தீனி. 12,000 லிட்டர் டீசல் கொண்டுவரும் டாங்கர் லாரி 240 பஸ்களுக்கு ஊற்றிவிடும். கொச்சியில் தயாராகும் ஹைட்ரஜனை வெள்ளறடை டெப்போவுக்குக் கொண்டுவந்து, அங்கே பதினைந்து இருபது பஸ்களுக்காக ஒரு நிரப்பு நிலையத்தையும் வைத்தால், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? அம்பூரி போன்ற கடைக்கோடி ஊர்களுக்கு ஹைட்ரஜன் எட்டாக் கனியாக இருப்பதன் முதல் காரணம் பஸ் அல்ல; பங்க்தான்.

வெடிக்குமா?

ஹைட்ரஜன் என்றதும் பலருக்கு வரும் பயம் இது. 1937 மே 6-ந் தேதி அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் தீப்பிடித்து 36 பேர் மாண்ட செய்தி உலகம் முழுவதும் பரவி, இந்த வாயுவின் பெயரையே கெடுத்துவிட்டது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. இதன் சுடர் பகலில் கண்ணுக்கு எளிதில் தெரியாது, வாசனையும் இல்லை. இவை பாதகமான குணங்கள். சாதகமான குணமும் உண்டு. காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானதாகையால் திறந்த வெளியில் கசிந்தால் நொடியில் மேலே போய்விடும். பெட்ரோலைப் போலத் தரையில் தேங்கி நின்று எரியாது. சிலிண்டர்களை பஸ்ஸின் கூரைமேல் வைப்பது அதனால்தான்.

வண்டியைவிட நிரப்பு நிலையத்தில்தான் அதிக எச்சரிக்கை தேவை. நார்வே நாட்டில் 2019 ஜூனில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. தொட்டியின் மூடியிலிருந்த போல்ட்டுகளைச் சரியாக முறுக்காததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கையாளுகிறவனின் பயிற்சியும் நிதானமுமே இங்கே பாதுகாப்பு. மகேந்திரகிரியில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அத்தகையவர்கள் இருப்பார்களா என்பதுதான் விஷயம்.

வெளிநாட்டார் கண்ட பாடம்

பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாடுகளே இந்தக் கணக்கில் தடுமாறியிருக்கின்றன. பிரான்சில் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்கள் வாங்கத் திட்டமிட்டது. ஹைட்ரஜனில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 95 சென்ட், மின்சாரத்தில் ஓட்டினால் 15 சென்ட் என்று கணக்கு வந்ததும் 2022 ஜனவரியில் அத்திட்டத்தைக் கைவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹைட்ரஜன் கார் வாங்கியவர்கள் கிலோவுக்கு 36 டாலர் வரை கொடுத்து நிரப்ப வேண்டி வந்தது. ஷெல் கம்பெனி அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 2022-இல் 14 ஹைட்ரஜன் ரயில்களை ஓட்டத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே, இனி வாங்கப்போவது பாட்டரி ரயில்களைத்தான் என்று அதே மாநிலம் அறிவித்தது.

நம் ரயில்வேயும் இந்த முயற்சியில் இறங்கியிருக்கிறது. ஹரியானாவில் ஜிந்த் - சோனிபட் இடையே 89 கி.மீ. தூரத்துக்கான ஹைட்ரஜன் ரயிலின் என்ஜின் பெட்டி 2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் 1,200 கிலோவாட் சக்தியுள்ள இரண்டு என்ஜின் பெட்டிகள். நடுவே எட்டுப் பயணிகள் பெட்டிகள். தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைவண்ணம் என்று பெருமைப்பட இடமுண்டு. நீலகிரி உள்ளிட்ட மலைப் பாதைகளுக்கு ரயில் ஒன்றுக்கு ரூ.80 கோடி வீதம் 35 ஹைட்ரஜன் ரயில்கள் என்ற யோசனையும் இருக்கிறது. ஆனால் 1979-இல் திறக்கப்பட்டு, பின்னர் மின்மயமாக்கப்பட்ட திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதையில், பாறசாலை ஸ்டேஷனைக் கடந்து போகும் வண்டிகளுக்கு ஹைட்ரஜன் எதற்கு? தலைக்கு மேலே கம்பியில் மின்சாரம் இருக்கும்போது, அதே மின்சாரத்தை வாயுவாக்கி, நசுக்கி, அடைத்து, மறுபடி மின்சாரமாக்குவது மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுவதுதான்.

எங்கே பொருந்தும்?

அப்படியானால் ஹைட்ரஜன் வீண் வேலையா? இல்லை. அதற்குரிய இடம் வேறு.

கம்பி இழுக்க முடியாத இடத்திலும், பாட்டரியின் எடை தாங்காத இடத்திலும் ஹைட்ரஜனுக்கு வேலை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு அறுநூறு கி.மீ. போகலாம் என்பது அதன் பலம். கடலில் போகும் கப்பல்களும், இரவு பகலாக மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிப்போகும் கனரக லாரிகளும் இந்த வரிசையில் வரும். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 50 பேர் பயணம் செய்யும் ஹைட்ரஜன் படகு ஒன்று உருவாகி, காசியில் கங்கையில் ஓடுவதற்கென்று 2024 பிப்ரவரி 28-ந் தேதி தூத்துக்குடி விழாவிலிருந்து பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது வேறொன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் ஐம்பது லட்சம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் இப்போதே செலவாகிறது. உரத் தொழிற்சாலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும்தான் பெரும்பாலும் அதை உபயோகிக்கின்றன. அது தண்ணீரிலிருந்து அல்ல, இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு கிலோ எடுத்தால் ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வயலுக்குப் போடும் யூரியாவுக்கு ஹைட்ரஜனைத் தவிர வேறு வழியில்லை. பஸ்ஸுக்கோ வேறு வழி இருக்கிறது. ஆகவே கொஞ்சமாகக் கிடைக்கும் பசுமை ஹைட்ரஜனை முதலில் எங்கே கொடுப்பது என்று கேட்டால், உரத்துக்கே முதல் பந்தி போட வேண்டும்.

இதில் தென்மாவட்டத் தமிழர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகள் சுழன்று தள்ளும் மின்சாரத்தை முழுவதும் வாங்கிக்கொள்ள முடியாமல் போகிற நாட்கள் உண்டு. அப்படி மிஞ்சுகிற காற்று மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி வைத்தால் அது வீணாவதைவிட மேல். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ரூ.3.87 கோடிச் செலவில் ஒரு சிறு பசுமை ஹைட்ரஜன் ஆலை திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத் தயாரித்து, துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் மின்சாரம் தருவது அதன் வேலை. அளவில் சிறிதுதான். ஆனால் பெரிய ஆலைகள் எழும்போது வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் என்று கைத்தொழில் படித்தவர்களுக்கு வேலை பிறக்கும். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள் சொந்த மாவட்டத்துக்கே திரும்பிப்போக ஒரு வழி அதில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அம்பூரி பஸ்ஸைப் பொறுத்தவரை கணக்கு தெளிவாக இருக்கிறது. குறைந்த தூரம், தினமும் ஒரே பாதை, இரவில் டெப்போவில் ஓய்வு. பாட்டரி பஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடம் கிடையாது. மலை ஏறும்போது கூடுதல் மின்சாரம் இழுத்தாலும், இறங்கும்போது பிரேக் பிடிக்கும் வேகத்திலேயே ஒரு பகுதி பாட்டரிக்குத் திரும்ப வந்து சேரும். திருவனந்தபுரம் நகரில் 2022 ஆகஸ்ட் முதல் மின்சார பஸ்கள் ஓடிவருகின்றன. பஸ்ஸின் விலை அதிகம் என்பது உண்மை; ஹைட்ரஜன் பஸ்ஸின் விலை அதைவிடவும் அதிகம். வெள்ளறடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை டெப்போக்களுக்கு மக்கள் கேட்க வேண்டியது சார்ஜிங் வசதியையும், அதற்குத் தடையில்லாத மின்சாரத்தையும்தான்.

நாளை நம் சாலையில் ஹைட்ரஜன் வண்டிக்கு மாலை போட்டுக் கொடி அசைக்கும் விழா நடந்தால் கைதட்டுவதில் தவறில்லை. நம் விஞ்ஞானிகளின் உழைப்பு அதில் இருக்கிறது. கைதட்டிவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்ததா, எரிவாயுவிலிருந்து வந்ததா? எத்தனை கிலோமீட்டர் லாரியில் ஏறி வந்தது? கிலோமீட்டருக்கு என்ன செலவு, அதை யார் கொடுக்கிறார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கிற வழித்தடத்தில் அந்த வண்டி தாராளமாக ஓடட்டும். பதில் கிடைக்காத இடத்தில் அதற்குப் போகிற பணம், மாலையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மலைப்பாதையில் நடந்தே வீடு போகிறவர்களுக்கு இன்னொரு நடை பஸ் விடப் போதுமானதாக இருக்கும்.